புரட்டாசி முடியட்டும் என்று வைத்த மாத்திரை

எங்கள் நாய்க்குச் சொறி வந்தது ஆவணிக் கடைசியில். முதலில் காது ஓரத்தில்தான் ஆரம்பித்தது. பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறியும்போது முட்டி தரையில் தட்டித் தட்டிச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் எனக்கு டிவி கேட்காது. சும்மா இரு என்று கத்துவேன். அது ஒரு நிமிடம் சும்மா இருக்கும், என் முகத்தைப் பார்க்கும், மறுபடி ஆரம்பிக்கும். அரிப்பெடுக்கிற ஒரு ஜீவனை அதட்டி நிறுத்திவிடலாம் என்று நினைத்த ஆள் நான். இதிலிருந்தே என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

நாயை 'அது' என்று எழுதுவது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. அவர் 'நம்ம பொண்ணு' என்றுதான் சொல்வார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். இருந்திருந்தாலும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார், அவர் சுபாவம் அது. நாயைக் கொண்டுவந்தது என்னவோ நான்தான். சித்தூரில் நான் வேலை செய்கிற மாம்பழக் கூழ் கம்பெனியின் பின்பக்கம், கொட்டை கொட்டி வைக்கிற இடத்தில், ஈ மொய்த்துக் கிடந்த குட்டி. இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பையில் போட்டு பஸ் ஏறினேன். திருப்பதி வரும்வரை கண்டக்டருக்குத் தெரியாமல் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது. அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் சித்தூர். இப்போது குடியிருப்பது திருப்பதியில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில். அவர் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்குப் போகிறார், நான் எதிர்த்திசையில் சித்தூருக்கு. மாம்பழ சீசன் முடிந்துவிட்டால் எனக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வேலை. ஆகவே அந்த மாதங்களில் வீடும் நாயும் என் பொறுப்பு.

புரட்டாசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. கறி, மீன், முட்டை எதுவும் வாசல்படி தாண்டாது. ஆவணி கடைசி நாள் சாயங்காலமே மீன் சட்டியையும் முட்டை வாணலியையும் சோப்பு போட்டுத் தேய்த்து, செய்தித்தாளில் சுற்றி, பரணில் ஏற்றிவிடுவேன். ஐப்பசி பிறந்துதான் இறங்கும். சுற்றியிருக்கிற தெலுங்குக்காரர்களுக்கு இது கிடையாது. அவர்களுக்குப் பவித்திரம் கார்த்திகை மாதம். பெருமாள் மலைக்கு நேர் கீழே குடியிருந்துகொண்டு, புரட்டாசி சனிக்கிழமை தெருவில் கோழி வறுக்கிற வாசனை வந்தால் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். ஜன்னலைப் பட்டென்று சாத்துவேன், அவர்கள் காதில் விழட்டும் என்றே.

இதில் எனக்கு ஒரு பெருமை வேறு. எங்கள் நாயும் புரட்டாசி இருக்கும். நான்கு வருஷமாக அந்த மாதம் முழுக்கத் தயிர் சாதம்தான். ஒரு முறைகூட முகத்தைத் திருப்பியதில்லை. சித்தூரிலிருந்து யார் போன் செய்தாலும் இதைச் சொல்லாமல் வைக்கமாட்டேன். நாய்க்கு வேறு வழி இல்லாததை நான் பக்தி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காதில் ஆரம்பித்தது முழங்கைக்கும் வயிற்றுக்கும் இறங்கியது. வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசினேன். பூசியதை நக்கியது, நக்கிய இடத்தைக் கடித்தது, கடித்த இடம் புண்ணானது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, உள்ளே சிவப்பாக, ஈரமாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் தன் வார லீவில் அதை ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசு. அவசரப்படாமல் பார்த்தார். பிளேடின் மழுங்கிய பக்கத்தால் காது ஓரத்தை லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். எட்டுக் காலோடு ஒரு பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது. தோலைக் குடைந்து உள்ளே குடியிருக்கிற பூச்சி, வெளியே எதைப் பூசினாலும் அதற்கு உறைக்காது என்று தெலுங்கில் விளக்கினார். ஒரே ஒரு மாத்திரை, ரத்தத்தில் கலந்து பூச்சியைக் கொன்றுவிடும், ஒரு மாதத்துக்கு அதன் வேலை இருக்கும். கூடவே புண் அழுகாமல் இருக்க ஒரு ஷாம்பு, வாரத்துக்கு இரண்டு முறை, நுரையோடு பத்து நிமிடம் நிற்க வேண்டும். நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. படுக்கிற துணியை வெந்நீரில் அலச வேண்டும். மனுஷங்களுக்கும் ஒட்டும், கையை நன்றாகக் கழுவுங்கள் என்றார். மாத்திரையை மட்டும் தள்ளிப் போட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்.

கடையில் ஷாம்பு இருந்தது, கூம்பு இருந்தது. மாத்திரை மறுநாள்தான் வரும் என்றார்கள். மறுநாள் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் ஸ்கூட்டரில் போய் வாங்கினேன். அன்று புரட்டாசி ஒன்று.

அட்டைப் பெட்டியைக் கையில் வாங்கும்போதே ஒரு வாசனை அடித்தது. கருவாட்டுக்கும் சுட்ட ஈரலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இது என்ன வாசனை என்று கடைக்காரரிடம் கேட்டேன். பன்றி ஈரல் வாசனை சேர்த்திருக்கிறார்கள், நாய் தானாகவே வாங்கி மென்றுவிடும், கஷ்டமே இல்லை என்று ஏதோ எனக்கு நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார். தலைக்குக் குளித்து, நெற்றியில் நாமக்கோடு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு நேராகக் கடைக்கு வந்தவள் நான். பன்றி ஈரலை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவேன்?

பெட்டியை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டினேன். ஸ்கூட்டர் வெளியே நிற்கிறது, அதனால் வீட்டுக்குள் வந்ததாக ஆகாது. முப்பது நாள்தானே, ஐப்பசி பிறந்ததும் முதல் வேலையாகக் கொடுத்துவிடலாம், அதுவரை ஷாம்பு இருக்கிறது, வேப்பிலை இருக்கிறது, பெருமாள் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டு, இது எங்களுக்கு ஆகாத மாதம், வேறு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கலாம். தோன்றாமல் இல்லை. தெலுங்குக்கார டாக்டரிடம் நம் புரட்டாசியை விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா என்று வீம்பு.

சாயங்காலம் அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் செய்தார்.

"மாத்திர துன்னுச்சா?"

"துன்னுச்சு" என்றேன்.

ஒரு சொல்தான். சொல்லி முடித்ததும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், அதைத் தொடர்ந்து கரைத்தேன்.

மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், அது என் பக்கத்து நியாயமாக இல்லாவிட்டாலும். செவ்வாயும் வெள்ளியும் ஷாம்பு போட்டேன். பத்து நிமிடத்துக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை, கோவிந்த நாமத்தை மெதுவாகச் சொல்லி முடித்தால் சரியாக இருக்கும். நுரையோடு, கழுத்தில் கூம்போடு, வால் இடுக்கில் போக நடுங்கிக்கொண்டு நாய் நிற்கும். நான் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டு அதன் முதுகைத் தேய்ப்பேன். இரண்டடி தள்ளி ஸ்கூட்டர் நிற்கும். அந்தப் பக்கம் நான் திரும்ப மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் புண் குறையவில்லை, பரவியது. கண்ணைச் சுற்றி முடி போய் வளையம் விழுந்தது. சொறிந்துகொண்டே தூங்கும், தூக்கத்திலும் கால் ஆடும். அவர் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிடாமல்கூட அதன் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டிருப்பார். மாத்திரைக்குக் கேட்கலையே, இன்னா நோவோ தெரிலையே என்று புலம்புவார். நான் அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டுவேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா நாயைப் பார்த்ததும் முகம் சுருக்கினார். முதலில் கேட்ட கேள்வியே மாத்திரை கொடுத்தீர்களா என்பதுதான்.

"மாத்ர வேசாரா?"

"வேசாமு மேடம், மொதட்டி ரோஜே." முதல் நாளே கொடுத்துவிட்டோம் என்று என் வீட்டுக்காரர் பதில் சொன்னார், தயங்காமல், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவருக்கு என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான் சொன்னால் அது நடந்த மாதிரி.

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு கன்றுக்குட்டியோடு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஒரு பெண் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் நடுவில் புருஷனைப் பொய்யனாக்குவதா என்று தோன்றியது. இப்போது யோசித்தால், அவரைப் பொய்யனாக்கியது அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே நடந்துவிட்டது.

டாக்டரம்மா இன்னொரு முறை சுரண்டிப் பார்த்தார். இந்த முறை பூச்சி கண்ணில் படவில்லை. இருந்தும் படாமல் போவதுண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாத்திரை கொடுத்தாயிற்று, பூச்சியையும் காணோம், அரிப்பு மட்டும் இருக்கிறது என்றால் இது ஒவ்வாமையாக இருக்கலாம் என்று அவர் யோசித்தார். நாய் என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். இதற்கு மட்டும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். வீட்டில் தயிர் சாதம்தான், ஆனால் மாடி வீட்டில் கோழி போடுகிறார்கள் என்றேன்.

மேல்வீட்டு அக்கா தெலுங்குக்காரர். என்னை வதினா, அதாவது அண்ணி என்று கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்தால் கழுத்து எலும்பை வேகவைத்து, மிளகாய் போடாமல் எடுத்து வைத்து, படிக்கட்டில் நாய்க்கு வைப்பார். புரட்டாசியில் வைக்காதே என்று அவரிடம் நான் அந்த மாதம்தான் சண்டை போட்டிருந்தேன். நோஞ்சானாகப் போகிறதே, ஒரு எலும்பு தின்றால் என்ன என்று அவர் கேட்டதற்கு, கோழி சூடு, அதில்தான் சொறி கூடுகிறது என்று கத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் வைக்கவே இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் டாக்டரிடம் அப்படிச் சொன்னேன்.

கோழி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அடியோடு நிறுத்துங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அரிப்பை அடக்க வேறு மாத்திரை எழுதினார், வெள்ளையாக, சின்னதாக, எந்த வாசனையும் இல்லாமல். ஸ்டிராய்டு, சொன்ன நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அக்கா எங்கள் வாசலைத் தாண்டும்போது நாயைப் பார்க்காமல் போக ஆரம்பித்தார். நாய் மட்டும் எழுந்து வாலை ஆட்டும்.

அந்த வெள்ளை மாத்திரையை நான் வேளை தவறாமல் கொடுத்தேன். இரண்டு நாள் அரிப்பு அடங்கியது. எனக்குப் பெரிய நிம்மதி, பார்த்தாயா, அந்தப் பன்றி ஈரல் இல்லாமலே சரியாகிறது என்று. மூன்றாம் நாளிலிருந்து தலைகீழாகிவிட்டது. அரிப்பை அடக்கிய மாத்திரை உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிட்டது. உள்ளே உயிரோடு இருந்த பூச்சிக்குத் தடுக்க ஆள் இல்லை. தோல் தடித்து, சாம்பல் நிறமாகி, வெடிப்பு விட்டது. காது ஓரம் பொருக்குத் தட்டிச் சுருண்டது. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. கிட்டப் போனால் நாற்றம். வீட்டுக்குள் படுத்தால் பெருமாளுக்குப் படைக்கிற சனிக்கிழமைத் தளிகைக்கு ஆகாது என்று பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் சாக்கு விரித்துப் போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. மூன்றாவது சனிக்கிழமை மாவிளக்கு ஏற்றி, வெல்லமும் அரிசி மாவும் மணக்க வீடே ஜொலித்தது. அது தொட்டி ஓரத்தில் கிடந்தது.

அதே வாரத்தில் எனக்கும் அரிப்பு ஆரம்பித்தது. முன்கையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். சொறியச் சொறிய உயிர் போனது. அப்போதுதான் அந்த முட்டிச் சத்தத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று என் உடம்புக்கே தெரிந்தது. ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராகத் தோல் டாக்டரிடம் போனேன். வீட்டில் நாய் உண்டா என்றுதான் அவரும் முதலில் கேட்டார். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவ ஒரு கிரீம், சொறிந்து சீழ் வைத்த இடத்துக்கு கேப்சூல், காலையும் சாயங்காலமும்.

என் வேலையை இங்கே சொல்ல வேண்டும். மாம்பழக் கூழ் டப்பாக்களின் தரம் பார்ப்பது. இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று அளந்து எழுதுவதோடு, இதில் மிருகங்களிலிருந்து எடுத்த எதுவும் சேரவில்லை என்று வெளிநாட்டுக்குப் போகிற காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் நான்தான். அந்தக் காகிதத்தில் ஜெலட்டின் என்று தனியாகவே ஒரு கட்டம் இருக்கும். மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது அது. கேப்சூலின் உறை அதில்தான் செய்வது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளும் நானே.

இரண்டாம் நாள் மத்தியானம் அந்தக் காகிதத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஜெலட்டின் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, பையைத் திறந்து கேப்சூல் அட்டையை எடுத்தேன், காலையில் மறந்துபோனதை அப்போது போடலாம் என்று. நகத்தால் கீறி உள்ளங்கையில் தட்டினேன். ஏற்கெனவே இரண்டு விழுங்கியிருந்தேன். புரட்டாசி இருபத்து மூன்றாம் தேதி. எனக்கு அரித்தபோது மாடு என்றுகூடத் தோன்றவில்லை. அதற்கு அரித்தபோது பன்றி பெரிதாகப் போய்விட்டது. எனக்கு விரதம், அதற்கு வியாதி, இதுதான் நான் இருபத்து மூன்று நாள் இருந்த லட்சணம். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தலைவலி என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

வந்ததும் டிக்கியைத் திறந்தேன். வெயிலில் பெட்டியின் நிறம் வெளுத்திருந்தது, உள்ளே மாத்திரை உறை பிரியாமல் இருந்தது. பின்பக்கம் போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தேன். நாய் தானாகவே வாங்கி மென்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான், அன்றைக்கே கொடுத்திருந்தால். இப்போது அது மூக்கை நீட்டி மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டு நாளாகச் சாதமே தின்னவில்லை. வாயைப் பிளந்து, மாத்திரையை நாக்கின் அடிவரை விரலால் தள்ளி, தொண்டையை நீவிவிட்டேன். பல்லில் பட்டு என் விரலில் லேசாகக் கீறல் விழுந்தது, ஆனால் அது கடிக்கவில்லை. பிறகு தயிரில் கஞ்சி கரைத்து ஸ்பூனால் ஊட்டினேன், மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்லியிருந்தார்களே. அதையும் வாங்கிக்கொண்டது. அன்று நான் அழுதேன்.

மறுநாள் காலை அவர் பஸ் ஏறியதும் ஆட்டோ பிடித்து நாயோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாக. எல்லாவற்றையும் சொன்னேன், புரட்டாசியையும், டிக்கியையும், மாடி வீட்டு அக்கா கோழி போடவே இல்லை என்பதையும். எனக்கு வருகிற தெலுங்கில் பாதிக்கு மேல் தமிழ் கலந்துவிட்டது. டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசி போட்டார், ஸ்டிராய்டை எப்படிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே சொன்னார், பிடரியில் விடுகிற சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது, அதே வேலையைச் செய்யும், அதில் எந்தக் கறியும் கிடையாது, அலமாரியிலேயே இருந்தது.

"ஒக்க மாட்ட செப்பி உண்டே..." என்று நிறுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவ்வளவுதான்.

நாய் பிழைத்தது. நான்காம் நாள் எழுந்து வந்து அடுப்பங்கரை வாசலில் படுத்தது. ஐப்பசி பிறந்து இரண்டாம் வாரம் பொருக்கெல்லாம் உதிர்ந்து, அடியில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் தெரிந்தது. சொறிவது நின்று வீடு அமைதியாக இருந்தது. இடது காதின் ஓரம் மட்டும் சுருண்டது சுருண்டதுதான், அதில் முடி இன்றுவரை முளைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமல் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார். நம்ம பொண்ணு பிழைத்தால் முடி காணிக்கை. ஒரு லீவு நாளில் காலையிலேயே மலைக்குப் போய், மொட்டைத் தலையோடு, கையில் லட்டோடு வந்து நின்றார். முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தாலும் மிச்ச முடியை ஆசையாகச் சீவுவார், சீப்பைப் பையிலேயே வைத்திருப்பார். உட்காரச் சொல்லி, சந்தனத்தைக் குழைத்து, அவர் தலையில் பூசினேன். நாய் வந்து அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அவர் அதன் சுருண்ட காதை நீவிவிட்டார்.

"பெருமாள் கைவிடல. நீ புரட்டாசிய ஒழுங்கா புடிச்சிக்கினு இருந்ததுக்குத்தான் இது பொழச்சுது" என்றார்.

அதைக் கேட்ட பிறகு என்னால் சந்தனம் பூச முடியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. பெட்டியை டிக்கியில் வைத்ததிலிருந்து அக்காவின் மேல் பழி போட்டதுவரை, ஒன்றையும் விடவில்லை. டாக்டரம்மாவிடம் அவரையே பொய் சொல்ல வைத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் திரும்பவில்லை. நான் பேசி முடித்ததும் கேட்டார்.

"எத்தினி நாளு?"

"இருபத்தி மூணு."

அவர் எழுந்து, பாதி சந்தனம் பூசிய தலையோடு மாடிப்படி ஏறினார். அக்கா வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நானும் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இன்றுவரை கேட்கவில்லை. பால் வாங்கும்போது பார்த்தால் சிரிக்கிறேன், அவரும் சிரிக்கிறார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார், சித்தூருக்குப் போனால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று போன் செய்கிறார், வாரக் கடைசியில் காய் வாங்க என்னோடு வருகிறார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. பூச்சி மறுபடி வராமல் இருக்க மாதத்துக்கு ஒன்று என்று டாக்டரம்மா தொடரச் சொன்ன மாத்திரையை இப்போது அவரே வாங்கி வருகிறார், அவரே கொடுக்கிறார்.

போன மாதம் மாத்திரை நாள் அன்று அவருக்குத் திடீரென்று ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். விடியுமுன்பே கிளம்பிப் போய்விட்டார். எனக்கு லீவு, நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன், அது அவருக்கும் தெரியும். பத்து மணி சுமாருக்கு வாசலில் நிழல் தட்டியது. மேல்வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார், கையில் அந்த மாத்திரைப் பெட்டி. என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டு நாயைப் பார்த்தார்.

"அன்னய்ய இச்சாரு வதினா. நன்னே வெய்யமன்னாரு."

அண்ணன் கொடுத்துவிட்டுப் போனார், என்னையே போடச் சொன்னார். நான் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். அக்கா உள்ளே வந்து குந்தி உட்கார்ந்து, உறையைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நாய் ஓடி வந்து ஒரே கவ்வில் வாங்கி மென்று தின்றது. தின்றுவிட்டது, அன்னய்யாவுக்கு நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா படியேறிப் போனார்.